மூன்றாம் தண்ணீர்

ஃபேனைப் போட்டால் தாள் பறக்கிறது, போடாவிட்டால் மெழுகு இளகுகிறது, இரண்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வியாகுலமேரி பாயில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். தூத்துக்குடியின் சித்திரை மத்தியானம். கடல் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பொட்டுக் காற்று இல்லை. கடைசியில் ஃபேனை நிறுத்திவிட்டாள். வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், தாள் கசங்கினால் கசங்கினதுதான். தம்பி அமலனின் மகளுக்கு நாளைக்குக் கோவிலில் ஞானஸ்நானச் சடங்கு. வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஆளுக்கொரு மெழுகுதிரி, குட்டையாய், பருமனாய், பால் வெள்ளையில் வந்து இறங்கியிருக்கிறது. அதை அழகாகச் சுற்றிக் கட்டுகிற வேலையை அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலில் பழைய நைலக்ஸ் சேலைத் துண்டால் மெழுகை மெதுவாகத் துடைக்க வேண்டும், அப்போதுதான் பளபளப்பு வரும். விரல் படக்கூடாது, பட்டால் ரேகை விழும், சூட்டுக் கையென்றால் குழியே விழும். அப்புறம் மெல்லிய வெள்ளைத் தாள், அதன்மேல் கண்ணாடித்தாள், கழுத்தில் மூன்று சுற்று ரிப்பன், ஒரு முடிச்சு, ஒரு பூ. தொங்குகிற ரிப்பனைக் கத்தரிக்கோலின் முதுகால் இழுத்துவிட்டால் சுருண்டு நிற்கும், அதில் குழந்தையின் பெயர் அட்டையைக் கோத்துவிட்டால் முடிந்தது. முடிந்தது என்று அவளால் விட முடிந்தால்தானே. கட்டினதைத் தள்ளிவைத்துப் பார்ப்பாள். உள்ளே தாள் ஒரு பக்கம் கூடிப்போச்சோ, முடிச்சு இறுகினதில் மெழுகின் ஓரம் நசுங்கிப்போச்சோ. அவிழ்ப்பாள். நசுங்கியிருக்காது. மறுபடி கட்டும்போது ரிப்பனில் பழைய மடிப்பு தெரியும், அதை எறிந்துவிட்டுப் புது ரிப்பன் வெட்டுவாள். காலையிலிருந்து கட்டினது அதிகமா அவிழ்த்தது அதிகமா என்று மாதாதான் சொல்ல வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், இழுத்ததில் திறந்துகொண்டதோ என்று மறுபடி இழுப்பாள். ‘நீ மூடலன்னாலும் உன் பயத்துக்கே அது அணைஞ்சு போவும், வா’ என்பார் அவள் புருஷன் சூசை. அவளுக்குக் கவலை என்று அர்த்தம் வருகிற வியாகுலம் என்ற பெயரை வைத்த சாமியார் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்பது அவருடைய தீராத கேலி.

சாயங்காலம் ஃபாதர் வருவார். அதை நினைக்கிறபோதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தாள். புதிதாக வந்திருக்கிற சாமியார், சின்ன வயசு, பெயர் லியோன். போன வாரம் வந்தபோதே வியாகுலத்தைக் கை காட்டி அமலனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ‘ஞானஸ்நானம் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். ஆஸ்பத்திரியில வச்சு இவங்க தண்ணி ஊத்தினது முறையா நடந்திருந்தா அதுவே ஞானஸ்நானம். பிஷப்பே வந்தாலும் திரும்ப ஊத்த முடியாது. கோவில்ல எண்ணெய் பூசலாம், வெள்ளைத் துணி போர்த்தலாம், திரி ஏத்திக் கொடுக்கலாம். தண்ணி கிடையாது. ஆனா வார்த்தையில சந்தேகம், தண்ணியில சந்தேகம்னா, “நீ இதுவரை பெறாதிருந்தால்”னு சொல்லி நான் ஊத்துவேன். அடுத்த வாரம் வந்து இவங்ககிட்டயே கேட்டுக்கிடுதேன், நல்லா யோசிச்சு வைங்கம்மா.’ யோசிச்சு வைங்க. வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் தெருமுனை திரும்பினதுமே அமலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ‘யக்கா, சந்தேகமா இருக்குன்னு சொல்லிரு. உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? இதுலயும் இருக்குன்னு சொல்லிட்டுப் போ. இத்தன வருசம் கழிச்சு ஒரு பிள்ள, கோவில்ல எல்லாரும் பாக்க அந்த ஞானஸ்நானத் தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்த வேண்டாமா? சும்மா எண்ணெயத் தடவித் தூக்கிட்டு வந்தா சொந்தக்காரன் என்ன பேசுவான்? போட்டோல என்னத்த எடுக்க?’ அவன் கெட்டவன் இல்லை. அவன் சொல்வதில் தப்பும் இல்லை. பொய்கூட இல்லையே. சந்தேகம் இருக்கத்தானே செய்கிறது. ராத்திரி பகலாக அரித்துக்கொண்டு இருக்கிறதே. சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி, ஃபாதர் ஊற்றிவிடுவார், பிள்ளைக்கும் பழுது இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தக் காலையில் நடந்தது என்ன? அது ஒன்றுமில்லையா? சும்மா ஒரு பிள்ளையின் தலையில் கொஞ்சம் தண்ணி சிந்தினதா? இல்லை, நான் சரியாகத்தான் சொன்னேன் என்று ஃபாதரிடம் அடித்துச் சொல்லி, அது தப்பாக இருந்துவிட்டால்? இந்தப் பிள்ளை வளர்ந்து நற்கருணை வாங்கும், கல்யாணம் கட்டும், எல்லாம் அடியில் ஒன்றுமில்லாத வீடு மாதிரி. அது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் மேலே இருந்து வியாகுலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் கட்டி முடித்த திரியை எடுத்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

பிள்ளை பிறந்தபோது மழைக்காலம். அமலன் பெண்டாட்டி பிரின்சிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, ஆட்டோவில் தண்ணீருக்குள் நீந்துகிற மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பிரின்சிக்கு நினைவு திரும்பவில்லை, அமலன் ரத்தத்துக்கு ஓடியிருந்தான். வெளியே பெஞ்சில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தவள் வியாகுலம் ஒருத்திதான். டாக்டரம்மா வெளியே வந்து, ‘குழந்தை ரொம்பச் சின்னது. மூச்சு தாங்க மாட்டேங்குது. வீட்டு ஆள் ஒருத்தர் உள்ள வந்து பாத்துக்கங்க’ என்றாள். பாத்துக்கங்க என்ற வார்த்தையை அப்படியும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைக் கழுவச் சொன்னார்கள், பச்சை அங்கி மாட்டினார்கள், முகத்தைக் கட்டினார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடந்தது. பிள்ளை என்று சொல்ல நாக்கு வரவில்லை. இதோ மடியில் கிடக்கிற இந்த மெழுகுதிரியைப் போல ரெண்டை ஒட்டிவைத்தால் வருகிற நீளம். தோல் வழியாக உள்ளே சிவப்பு தெரிந்தது, விளக்கின் முன்னால் விரலைப் பிடித்தால் தெரியுமே, அப்படி. உள்ளே யாரோ ஒரு வெளிச்சத்தை ஏற்றிவைத்துவிட்டு அது நிற்குமா நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நெஞ்சுக்கூடு விரல் நுனி அளவுக்கு ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கினபிறகும் இனிமேல் ஏறாது என்று அவளுக்குத் தோன்றும், ஏறும். இவ்வளவு சின்னதற்குள் இவ்வளவு பிடிவாதமா. பக்கத்தில் நின்ற நர்சு சபூரா என்கிற பெண், கண் மட்டும் தெரிந்தது, தாழ்ந்த குரலில் கேட்டாள். ‘யக்கா, ஒங்க ஆளுகள்ல இந்த மாதிரி நேரத்துல தலையில தண்ணி ஊத்துவாங்கள்லா? ஊத்தணும்னா இப்ப ஊத்திருங்க. நான் தண்ணி தாரேன்.’ கத்தரிக்காய் வாங்குவதற்கு நாலு பேரைக் கேட்கிறவள், யாரையும் கேட்கவில்லை. ஊத்துதேன் என்றாள். சபூரா ஊசி மருந்து கலக்குகிற தண்ணீர்க் குப்பி ஒன்றை எடுத்து, உடைக்காமல், ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றாள். ‘குளுந்த தண்ணி படக்கூடாது, பிள்ள தாங்காது.’ அந்தப் பெண் தன் கைச்சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் வியாகுலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் பெட்டியின் வட்டக் கதவு திறந்தது. கையை உள்ளே விட்டாள். உள்ளே வேறு ஒரு ஊரின் வெப்பம். மரியே என்றாள், வேறு பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. பிதா. சுதன். அவ்வளவுதான். அதற்கு மேல் நினைவு ஒரு படி தவறின கால் மாதிரி வெறும் காற்றில் விழுந்தது. மிஷின் ஒன்று கீ என்று நீளமாகக் கத்தியது, யாரோ ஓடி வந்தார்கள், ‘போதும்க்கா, வாங்க வாங்க’ என்று சபூரா தோளைப் பிடித்துத் திருப்பினாள். சுதனுக்கும் மிஷின் கத்தினதுக்கும் நடுவில் என்ன நடந்தது? பரிசுத்த ஆவி எங்கே? சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா, முகத்துணிக்குள் உதடு மட்டும் அசைந்ததா? மாசக்கணக்காக அந்த ஒரு இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறாள், பூட்டின கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி, ஆனால் இது கையில் அகப்படாத பூட்டு.

வார்த்தை தெரியாதவள் இல்லை அவள். பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றுபோனவள்தான், அதுவும் படிப்பு ஏறாததால் இல்லை. பரீட்சையில் எழுதினதை ரப்பர் வைத்து அழிப்பாள், திரும்ப எழுதுவாள், திரும்ப அழிப்பாள், தாள் ஓட்டை விழும், மணி அடிக்கும். அப்பா ஒருநாள் அந்த ஓட்டைத் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘சல்லடைக்கு எதுக்குப் பீசு’ என்று நிறுத்திவிட்டார். ஆனால் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை மந்திர வகுப்பில் எழுதவே வேண்டாம், வாயால் சொன்னால் போதும், அதில் அவள்தான் முதல். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று கன்னியாஸ்திரி ஒரு பொம்மையையும் டம்ளரையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மூணு தடவை ஊத்தணும், ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு தடவை, தண்ணி ஓடணும், வார்த்தையும் தண்ணியும் ஒண்ணா முடியணும். அன்றைக்குச் சாயங்காலமே அவளும் அமலனும் வீட்டுக் கோழியைப் பிடித்து வைத்து ஊற்றிவிட்டார்கள். அமலன் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, அவள் சொன்னாள், பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஒரு வார்த்தை பிசகாமல். அம்மா விளக்குமாற்றால் ரெண்டு பேரையும் விளாசினாள். பிறகு ஈஸ்டருக்கு அந்தக் கோழி குழம்பானபோது அமலன் கால் கேட்டு வாங்கித் தின்றான், அவளுக்கு இறங்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற கோழியைத் தின்னலாமா? சாமியாரிடம் கேட்கவும் பயம். வருஷக்கணக்காக, பாவங்களைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் முழங்கால் போட்ட ஒவ்வொரு தடவையும் அந்தக் கோழி வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போகும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு எண்ணம் முள்ளாக நின்றது. கோழிக்கு முழுசாகச் சொன்னவள் பிள்ளைக்கு விட்டிருப்பாளா? விடவும் விட்டிருக்கலாம். கோழி சாகக் கிடக்கவில்லை. பயமில்லாத இடத்தில் வார்த்தை தானாக வரும். பயந்த இடத்தில்தான் அது கைவிட்டுப் போகும்.

‘என்ன மைனி, நாலு டஜன் கட்டியாச்சா, இல்ல ஒண்ணையே நாலு டஜன் தடவ கட்டுதியளா?’ பிரின்சி உள்ளே இருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இந்தப் பெண் முன்பெல்லாம் இப்படிச் சிரிக்க மாட்டாள், வருஷக்கணக்காக ஒவ்வொரு வளைகாப்புக்கும் பின்வரிசையில் நின்று பழகினவள். ‘அட்டை எப்படி இருக்கு, நல்லாருக்கா?’ அட்டையில் ஏஞ்சலின் ரியா என்று தங்க எழுத்து. வியாகுலம் தலையாட்டினாள். மேலே மோட்சத்தில் மரியா என்று தெரிந்த பிள்ளைக்குக் கீழே ரியா என்று அட்டை. அங்கிருந்து கூப்பிட்டால் இது திரும்பிப் பார்க்குமா என்று ஒரு கவலை அதற்கும் தனியாக வைத்திருந்தாள். ‘நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்திருதேன். ஃபாதர் வந்துருவாரு. கொஞ்சம் பிடிங்க.’ ‘ஐயோ, என் கையெல்லாம் மெழுகு.’ ‘மெழுகுதான? வெசமா?’ ‘வேர்வ வேற, பிள்ளைக்கு ஆகாது, பாயில போடு, நான் பாத்துக்கிடுதேன்.’ பிரின்சி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘மைனி, நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். பிள்ளைய வீட்டுக்குக் கொண்டுவந்த நாள்லேருந்து நீங்க ஒரு நாளுகூட தூக்கல. ஒரு நாள் மீன் கைங்கிய, ஒரு நாள் சளிங்கிய. ஆம்பளப் பிள்ளயா இருக்கும்னு நெனச்சியளா, பொட்டப் பிள்ளன்னு கோவமா?’ ‘சவத்த, என்ன பேச்சு பேசுத!’ ‘பின்ன?’ பின்ன என்ன என்று எப்படிச் சொல்வது. கோவிலில் பூசைக் கிண்ணத்தைச் சாமியார்தான் தொடுவார், நாம் தொட மாட்டோம், அதற்குக் கோபம் என்றா அர்த்தம்? பிழைக்காது என்றார்களே, அது கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு பால் வாசனையோடு எதிரில் கிடக்கிறது. அது தொடுகிற பொருள் இல்லை. பிரின்சி குனிந்து, அவள் மடியில் இருந்த மெழுகுதிரியை எடுத்துப் பாயில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கனம். முதலில் அதுதான். இவ்வளவு கனமா. ரெண்டு மெழுகுதிரி நீளத்தில் கிடந்தது எங்கிருந்து இத்தனை கனத்தை எடுத்துவந்தது, பாலிலிருந்தா, காற்றிலிருந்தா, யார் இதை ராத்திரி ராத்திரியாக ஒரு பிடி ஒரு பிடியாக இட்டு நிரப்பினது. வியாகுலம் மூச்சு விடாமல் இருந்தாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் பளபளக்கிற கண்ணாடித்தாளைப் பார்த்தது. கை நீண்டது. தாளைப் பிடித்துக் கசக்கியது. காலையிலிருந்து ஒரு மடிப்பு விழாமல் காப்பாற்றின தாள், சரக் சரக் என்று அந்தச் சத்தத்தில் பிள்ளைக்குக் கண் விரிந்தது. மறுபடி கசக்கியது. அவள் பிடுங்கவில்லை. பிடுங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தாள். ஃபேன் இல்லாத அறையில் பிள்ளைக்கும் வேர்த்தது. நெற்றியில் பொடிப் பொடியாக முத்துகள் கோத்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரு சொட்டாகக் கனத்து, நெற்றிப்பொட்டின் வழியாகச் சாய்ந்து இறங்கியது. அவள் மெழுகு சுற்றுகிற வெள்ளைத் தாளில் ஒன்றை எடுத்து, அந்த ஈரம் போன வழியிலேயே போய், காதை மெல்ல மடக்கி, காதுக்குப் பின்னால் ஒற்றினாள்.

ஒற்றின கை அப்படியே நின்றது. இதை யாரோ செய்தார்கள். இதே இடம். இந்தக் காது, அப்போது காது என்று சொல்ல முடியாது, மடங்கின ஒரு சின்ன இதழ், அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ வந்து ஒற்றியது. பஞ்சு. சபூராவின் கை. ‘காதுக்குள்ள போயிரக் கூடாதுக்கா.’ இது எப்போது? கோவிலில் திரியிலிருந்து திரிக்கு நெருப்பு வாங்குவார்களே, அதுபோல ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு வந்தது. முதல் தண்ணீர் நடு நெற்றியில் விழுந்து புருவம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. பிதா. ரெண்டாவது உச்சியில் விழுந்து பின்னால் துணிக்குள் போய்விட்டது. சுதன். பின்னால் போனது காதுக்கு எப்படி வரும்? காதுக்கு வந்தது வேறு. கை சாய்ந்ததில் மூன்றாவது தண்ணீர் நெற்றிப்பொட்டில் விழுந்தது, விழுந்து இறங்கினது, ஐயோ காதுக்குப் போகிறதே என்று பார்த்துக்கொண்டே, போகிற தண்ணீரை நிறுத்திவிடலாம் என்கிற மாதிரி வார்த்தையை இழுத்து இழுத்துச் சொன்னாள். பரிசுத்த ஆவியின் பெயராலே. நான் உனக்கு. சபூரா பஞ்சைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் காதுக்குப் பின்னால் தேங்குவது அவளுக்கும் தெரிந்தது, துடைக்க வேண்டும் என்று அவளுக்கும் பதைப்பு, ஆனாலும் துடைக்கவில்லை. அந்தக் கண்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, வியாகுலத்தின் முகத்துணி அசைவதைப் பார்த்தன. அது அசைந்து முடியக் காத்திருந்தன. ஞானஸ்நானம் கொடுக்கிறேன். அசைவு நின்றது. அதற்கப்புறம்தான் பஞ்சு இறங்கியது, அதற்கப்புறம்தான் மிஷின் கத்தியது. வேற்று வேதத்துப் பெண் ஒருத்தி, தன்னுடையது அல்லாத ஒரு வார்த்தைக்காகப் பஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்த நிற்றலில் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கிறது. மாசக்கணக்காகத் தன்னையே போட்டு உலுக்கினாளே, ஒரு தடவைகூட அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லையே. வியாகுலம் ஈரமான தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்க்கிற இந்தக் கை, அழித்து அழித்து ஓட்டை போடுகிற இந்தக் கை, ஒரே ஒரு தடவை ஒன்றைச் செய்திருக்கிறது, அதை யாராலும் அவிழ்க்க முடியாது. பிஷப்பாலும் முடியாது. பயம் மாதிரிதான் இருந்தது, ஆனால் பயம் இல்லை. பெரிய கோவில் காலியாக இருக்கிற நேரத்தில் தனியாக உள்ளே நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்தால் வருமே, அது.

‘வாங்க ஃபாதர், வாங்க’ என்று வாசலில் அமலன் குரல் கேட்டது. ஃபாதர் லியோன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தாளும் ரிப்பனும் இறைந்து கிடந்த இடத்தில் கால் வைக்க வழி தேடி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கியில் முதுகெல்லாம் வேர்வை. ‘கடை வச்சிரலாம் போலிருக்கே’ என்றார். பிரின்சி ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். மைனியின் மடியில் பிள்ளை இருப்பதைப் பார்த்தாள். வியாகுலம் எழுந்திருக்கப் பார்த்தாள். ‘இருங்கம்மா, பிள்ளைய வச்சிருக்கீங்க. சொல்லுங்க, யோசிச்சீங்களா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?’ அமலன் ஃபாதருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளையே பார்த்தான். கண்ணாலேயே சொன்னான். சின்ன வயதில் கோழியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தானே, அதே கண். ‘ஊத்தினேன் ஃபாதர்.’ ‘தண்ணி ஓடிச்சா, சும்மா தொட்டு வச்சீங்களா?’ ‘ஓடிச்சு. மூணு தடவ ஊத்தினேன். மொதத் தண்ணி நெத்தியில நின்னுச்சு. ரெண்டாவது பின்னால போயிட்டு. மூணாவது சாஞ்சு காதுக்குப் பின்னால ஓடிச்சு. நர்சம்மா பஞ்சு வச்சு ஒத்தினாவ.’ ‘வார்த்தை?’ ‘யக்கா’ என்றான் அமலன், ‘நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு இருந்த இருப்புல நமக்கே எதுவும்...’ ‘சொன்னேன்’ என்றாள் வியாகுலம். ‘மரியே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். முழுசாச் சொன்னேன். நான் சொல்லி முடிக்க மட்டும் அந்த நர்சம்மா பஞ்ச வைக்காம நின்னாவ. முடிச்ச பொறவுதான் வச்சாவ.’ ஃபாதர் அவளைக் கூர்ந்து பார்த்தார். ‘சந்தேகம் ஒண்ணும் இல்லையே?’ சந்தேகம். அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். வழக்கமாக அது உட்கார்ந்திருக்கிற இடத்தில் தேடினாள். நாளைக்கு வந்தாலும் வரும், ராத்திரியே வந்தாலும் வரும், ஆனால் இப்போது அந்த இடம் காலியாக, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ‘இல்ல ஃபாதர்.’

பிள்ளை கண்ணாடித்தாளைச் சரக்கென்று கசக்கியது. ஃபாதர் எழுந்து வந்து, ரிப்பன்களுக்கு நடுவில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். ‘அப்ப இந்தப் பிள்ளைக்கு எப்பவோ ஆச்சு. நாளைக்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன். ஊத்தக் கூடாது.’ பிறகு அமலனைத் திரும்பிப் பார்த்தார். ‘என்ன, முகம் வாடுது? திரி கொடுக்கும்போது போட்டோ எடுத்துக்கங்க. அதுதான் நல்லா விழும், வெளிச்சம் இருக்கும்ல.’ அமலன் வாசலுக்குப் போனான், வெளியே எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபத்தில் ஏதோ சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தாள். ‘ஃபாதர், ஒங்களுக்குத் தெரியாது. இவ ஒரு கோழிக்கும் கொடுத்திருக்கா’ என்றான். குரல் பாதியில் உடைந்து, சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே பிடிபடாத ஏதோ ஒன்றாகிப்போனது. பிரின்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘கோழிக்கா?’ என்றார் ஃபாதர். ‘அதுவும் முழுசாத்தான் சொன்னேன் ஃபாதர்’ என்றாள் வியாகுலம், இத்தனை வருஷம் கூண்டுக்குள் வாய் வரை வந்து திரும்பினது இப்படி எல்லார் முன்னாலும் வெளியே வந்துவிட்டதில் திகைத்துப்போய். ஃபாதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ‘ஒங்களுக்கு எப்படி வேர்க்குது பாருங்க, இந்தப் பேச்சுல அதக் கவனிக்கல’ என்று அமலன் போய் ஃபேனைப் போட்டான். ‘ஏ, தாளு!’ என்று பிரின்சி கத்துவதற்குள் இறக்கைகள் சுழல ஆரம்பித்துவிட்டன. அடுக்கி வைத்திருந்த வெள்ளைத் தாள்கள் முதலில் ஓரத்தில் கொஞ்சம் எழும்பி யோசித்தன, பிறகு ஒன்று, ரெண்டு, பிறகு எல்லாம் ஒரேயடியாக எழுந்தன. அறை முழுக்க வெள்ளை. ஃபாதரின் தோளில் ஒன்று, அமலனின் தலையில் ஒன்று, மாதா படத்தின் மேல் ஒன்று. பிடிங்க பிடிங்க என்று மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு அலைந்தார்கள். பிள்ளை அண்ணாந்து பார்த்தது, வாயைத் திறந்தபடி. காற்று நேராக அதன் ஈர நெற்றியில் அடித்தது. பறக்கிற தாளுக்கெல்லாம் வியாகுலம் எழுந்திருக்கவில்லை. மெழுகுப் பிசுக்கு ஒட்டின உள்ளங்கையை விரித்து, அன்றைக்கு முதல் தண்ணீர் நின்ற இடத்தில், காற்றுப் படாமல் மூடிக்கொண்டாள்.